இனித் தேவைப்படாதவை

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் தன் மேஜைக்கு வந்தாள். மடக்குக் கோலை மடித்துக் கைப்பையில் வைத்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினியின் பட்டனை அழுத்தினாள். உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. அதன்பின் கேட்க வேண்டிய குரல் மட்டும் கேட்கவில்லை.

பிறவியிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் மன்றம் ஒன்றில், விசாரணையின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்துவந்தாள். வலது காதில் சாட்சிகள் பேசுவார்கள். இடது காதில் கணினி, அவள் அடித்ததைத் திருப்பிப் படித்துக் காட்டும். அந்தக் குரல் ஓடும் வேகத்தில் வேறு யாருக்கும் ஒரு சொல்கூடப் பிடிபடாது. ஹெட்போனைக் கழற்றி வைத்திருக்கும்போது அதிலிருந்து கசியும் கரகரப்பைக் கேட்டு அலுவலகத்தில் யாரோ அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தார்கள். இப்போது எல்லாருக்கும் அவள் ரேடியோக்காதான். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்று ரேடியோ பாடவில்லை. ஹெட்போன் வயரைத் தடவிப் பார்த்தாள், சரியாகத்தான் செருகியிருந்தது. ஒலியைக் கூட்டும் சாவியைப் பலமுறை தட்டினாள். படிக்கும் குரலைத் துவக்கும் மூன்று சாவிகளையும் சேர்த்து அழுத்தினாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். ஃபேன் மட்டும் சலிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கும் எல்லாம் இடம் மாறிக் கிடக்குதாக்கா?" என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டாள். அவளும் இதே எழுத்தாக்க வேலைதான் பார்க்கிறாள். "ஸ்கிரீன்ல கீழ இருந்த பட்டையைக் காணோம். மூலையில இருந்த கடிகாரம் நடுவுல வந்து உக்காந்திருக்கு. எனக்கு ஃபைலைத் தேடி எடுக்கவே அரை மணி நேரம் ஆச்சு."

"என்னாச்சு? யாரு கை வச்சாங்க?"

"சனிக்கிழமை சிஸ்டம் சார் வந்து எல்லாத்துலயும் மெஷினை ஓட்டற லினக்ஸைப் புது வெர்ஷனா மாத்திட்டாராம். நாப்பத்தொரு மெஷினுக்கும்."

"எனக்கு யாருமே சொல்லலையே!"

பக்கத்து மேஜைக்காரி கொஞ்சம் தயங்கினாள். "நோட்டீஸ் போட்டிருந்தாரேக்கா. லிஃப்ட் பக்கத்துல, சுவத்துல ஒட்டியிருந்துச்சு."

சுவரில். அவள் அந்தச் சொல்லை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்தார்களாம். எழுந்து கோலை விரித்துக்கொண்டு சிஸ்டம் சாரின் அறையை நோக்கி நடந்தாள்.

*

கணினிப் பிரிவின் பொறுப்பாளரை அந்த அலுவலகத்தில் எல்லாரும் சிஸ்டம் சார் என்றுதான் அழைப்பார்கள். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கதவைத் திறந்து பிடிப்பார், எதிரில் வந்தால் "இடது பக்கம் நாற்காலி இருக்கு, பார்த்து" என்பார். அன்றும் அவள் உள்ளே வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். அவள் உடனே எழுந்துகொண்டாள்.

"என் மெஷின் பேச மாட்டேங்குது சார்."

"ஆமாமா, இந்த வெர்ஷன்ல சின்னச் சின்னதா ஏதாவது இருக்கத்தான் செய்யும். டெஸ்க்டாப்பே மொத்தமா மாறிடுச்சு இல்லையா? வரிசையா ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு வர்றேன். உங்களது வியாழக்கிழமை பார்த்துடலாம்."

"புதன்கிழமை மத்தியானம் நான் கிடங்கு விபத்து விசாரணையைக் குடுக்கணும் சார். அடுத்த நாள் உத்தரவு."

"அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. உங்க வேலையைப் பக்கத்து மேஜைக்கு மாத்திவிடச் சொல்லிட்டேன். நீங்க ரெண்டு மூணு நாள் நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. மெஷின் பேசவில்லை என்று அவள் இப்போதுதான் வந்து சொல்கிறாள். அதற்கு முன்பே வேலையை மாற்றச் சொல்லியாகிவிட்டதா?

"அப்போ பேசாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"பேசாம போனாலும் போகலாம்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு..."

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் இருந்த ஃபோன் அடித்தது. மன்ற உறுப்பினர் ஒருவரின் திரையிலிருந்த மலைப்படம் காணாமல் போய்விட்டதாம். "இதோ வந்துட்டேன் சார், ரெண்டே நிமிஷம்" என்று சிஸ்டம் சார் குரலில் அவ்வளவு குழைவோடு சொல்லிவிட்டு, செருப்பு தேய அவளைத் தாண்டி ஓடினார். மலைப்படம் காணாமல் போனால் இரண்டு நிமிடம். அவள் குரல் காணாமல் போனால் வியாழக்கிழமை.

அன்று முழுவதும் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜையில் அவளுடைய விசாரணை ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. "இந்த ஆள் என்ன சொல்றார்னே புரியலையே" என்று பக்கத்து மேஜைக்காரி முனகுவதும், அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் போடுவதும் கேட்டது. அந்தப் பெண்ணின் தலையில் ஏற்கெனவே மலை மாதிரி வேலை. அவள்மேல் கோபப்பட முடியவில்லை.

*

அவளுடைய கணவர் தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அவர் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே பேசுவார். பதினாறு வருடத்தில் அந்தப் பேச்சும் அவளுக்குப் பழகிவிட்டது. அன்று சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். நடுவில் தையல் மெஷின் நின்றது. ஒவ்வொரு குண்டூசியாக டப்பாவுக்குள் விழும் சத்தம் கேட்டது. அப்படி என்றால் ஆளுக்கு நிஜமாகவே கோபம்.

"நாளைக்கு நான் வர்றேன். அந்த ஆளை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கற மாதிரி கேக்கறேன்."

"நீங்க வந்தா நான் என் கால்ல நின்னு வேலை பார்க்கற இடத்துல, 'பாவம், புருஷன் வந்து பேசறார்'னு ஆயிடும். சும்மா இருங்க."

"பின்ன மூணு நாள் லீவு போட்டுட்டு வீட்ல இருக்கப் போறியா?"

"லீவு நான் போடணும். அவர் போடக் கூடாது."

கணவர் குண்டூசி டப்பாவை மூடினார். பிறகு, "உனக்குத்தான் அந்த மெஷினோட குடலு வரைக்கும் தெரியுமே. நீயே பார்த்துட மாட்டியா?" என்றார்.

"பார்க்கலாம். ஆனா அது சொல்றதை யாராவது படிச்சுச் சொல்லணும். என்னை வழிநடத்த ஆள் வேண்டாம். படிக்க ஒரு ஆள் இருந்தாப் போதும்."

*

மறுநாள் காலை எட்டரைக்கே அவள் அலுவலகத்துக்குப் போய்விட்டாள். அந்த நேரத்தில் அங்கே இருப்பது பழைய கோப்பறையைப் பார்த்துக்கொள்ளும் ரெக்கார்டு அண்ணன் ஒருவர்தான். ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. கோப்பு எண்களைப் படித்துப் படித்தே காலம் தள்ளியவர். கணினி என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறவர்.

"அண்ணே, எனக்கு ஒரு மணி நேரம் கண்ணு வேணும்."

"எடுத்துக்கோம்மா. ஆனா ஒண்ணு, எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும்."

"எனக்கு எழுத்துதான்ணே வேணும். அர்த்தத்தை நான் பார்த்துக்கறேன். நீங்களா ஊகிச்சு எதையும் சொல்லிடாதீங்க."

அவர் அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைக்கும் சத்தம் கேட்டது. அவள் கணினியைப் போட்டுவிட்டு வேறு மூன்று சாவிகளைச் சேர்த்து அழுத்தினாள்.

"ஐயையோ, எல்லாம் போச்சு! கறுப்பாயிடுச்சும்மா!"

"நான்தான்ணே கறுப்பாக்கினேன். படமெல்லாம் இருக்கற டெஸ்க்டாப்பை விட்டு, வெறும் எழுத்து மட்டும் வர்ற இடத்துக்கு வந்திருக்கோம். மேல என்ன இருக்கு?"

"எல், ஓ, ஜி, ஐ, என். அப்புறம் ஒரு வெள்ளைக் கோடு விட்டு விட்டு மின்னுது."

அவள் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தாள். "பாஸ்வேர்டு அடிக்கறே, ஒண்ணுமே விழலையே?" என்று அண்ணன் பதறினார். "விழக் கூடாதுண்ணே" என்றாள். முதலில் ஒலி வருகிறதா என்று பார்க்க ஒரு கட்டளை கொடுத்தாள். காதில் மழை பெய்வதுபோல் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் வந்தது. அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஒலி இருக்கிறது. ஹெட்போனும் வயரும் நன்றாகத்தான் இருக்கின்றன.

பிறகு, பேசும் புரோகிராமை நேரடியாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். அண்ணன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "சி, ஓ, எம், எம், ஏ, என், டி. இடைவெளி. என், ஓ, டி. இடைவெளி. எஃப், ஓ, யு, என், டி."

அவள் கை சாவிகளின்மேல் அப்படியே நின்றது.

"என்னம்மா, ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லண்ணே. அது இங்க இல்லவே இல்ல. எடுத்துட்டாங்க."

லினக்ஸ் தன்னை யார் என்ன செய்தாலும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். எந்தப் பேக்கேஜ், அதாவது எந்த மென்பொருள் பொதி, எப்போது வந்தது, எப்போது போனது என்று வரிக்கு வரி அதில் இருக்கும். அதைத் திறந்து சனிக்கிழமைக்குப் போனாள். அண்ணனுக்கு இப்போது கை பழகிவிட்டது. நீளமான பெயர்களை எல்லாம் கோப்பு எண் சொல்வதுபோல் ராகம் போட்டுச் சொல்லத் தொடங்கினார். சனிக்கிழமை சாயங்காலம் நாலு பன்னிரண்டுக்கு அறுபத்து மூன்று பேக்கேஜ்கள் நீக்கப்பட்டிருந்தன. அவர் ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். பழைய எழுத்துருக்கள், பழைய படங்கள், எதற்கும் பயன்படாத பழைய பிரிண்டர் சமாச்சாரம். நாற்பத்தேழாவதாகத் திரையைப் படிக்கும் புரோகிராம். நாற்பத்தெட்டாவது, நாற்பத்தொன்பதாவது அதற்குக் குரல் கொடுக்கும் இரண்டு பேக்கேஜ்கள்.

"இதுக்கு மேல ஒரு வரி இருக்கும்ணே. என்ன கட்டளை குடுத்தாங்கன்னு. அதைச் சொல்லுங்க."

அண்ணன் சொன்னார். கடைசியில், "ஒரு சின்னக் கோடு. அப்புறம் ஒய்" என்றார்.

அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்தக் கட்டளை என்ன செய்யும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் புரோகிராம்கள் மூன்றும் பழைய டெஸ்க்டாப்போடு ஒட்டி வந்தவை. பழையது போய்ப் புதியது வந்ததும் அவற்றுக்கு நாதி இல்லாமல் போய்விட்டது. அப்படிப்பட்டவற்றை எல்லாம் கணினி ஒரு பட்டியலாகப் போட்டு, 'இவை இனித் தேவைப்படாதவை, நீக்கட்டுமா?' என்று கேட்கும். ஆள் பட்டியலைப் படித்துப் பார்த்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். அந்தச் சின்னக் கோடும் ஒய்யும் இருந்தால் கேட்காது. எந்தக் கேள்வி வந்தாலும் என் பதில் ஆம்தான் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது அது.

"சார் எங்கண்ணே இருக்கார்?"

"இன்னிக்கு மாடியில மீட்டிங்கும்மா. செயலாளர் அம்மாகிட்ட இந்தப் புது வெர்ஷனைப் பத்தி விளக்கம் குடுக்கறாராம்."

"வாங்க, போகலாம்."

"மீட்டிங்குக்கா? நானா? சட்டையெல்லாம் தூசியா இருக்கும்மா."

"எனக்குத் தெரியலைண்ணே. வாங்க."

*

மாடி அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சிஸ்டம் சாரின் குரல் கணீரென்று கேட்டது. "...ஆக மொத்தம் நாற்பத்தொரு கணினிகளிலும் பணி நூறு சதவீதம் வெற்றிகரமா முடிஞ்சிருக்குங்கறதை..."

அவள் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் திறந்தாள். பேச்சு நின்றது. நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"கூட்டம் நடந்துட்டு இருக்கும்மா" என்றார் மன்றச் செயலாளர். கண்டிப்பான பெண்மணி, குரலை ஒருபோதும் உயர்த்த மாட்டார். "பதினஞ்சு நிமிஷம் கழிச்சு வர முடியுமா?"

"மன்னிச்சுக்கோங்க மேடம். நூறு சதவீதம்னு கேட்டுச்சு. அதான் உள்ள வந்துட்டேன். நாப்பத்தொண்ணுல ஒண்ணு நான். நேத்து காலைல இருந்து நான் வேலை பார்க்கல."

சிஸ்டம் சார் முந்திக்கொண்டார். "அது ஒரு சின்னக் கோளாறு மேடம். பெண்டிங் லிஸ்ட்ல வச்சிருக்கேன். வியாழக்கிழமை..."

"கோளாறு இல்ல மேடம். சனிக்கிழமை சாயங்காலம் நாலு பன்னிரண்டுக்கு என் மெஷின்ல இருந்து படிக்கற புரோகிராமை நீக்கியிருக்காங்க. தேவைப்படாததுன்னு."

யாரோ பேனா மூடியைத் திறந்து மூடினார்கள்.

"அது நான் பண்ணினது இல்ல மேடம்" என்றார் சிஸ்டம் சார். "சிஸ்டம் தானா முடிவு பண்றது. எதெல்லாம் வேண்டாம்னு அதுவே எடுத்துடும்."

"சிஸ்டம் கேட்கும் சார். எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்கும். கேட்காதேன்னு நீங்கதான் முன்னாடியே சொல்லியிருக்கீங்க. கட்டளையோட கடைசியில ஒரு கோடு, ஒரு ஒய். கீழ வந்தா அண்ணன் படிச்சுக் காட்டுவார்."

"ஆமாங்க மேடம், இருக்குதுங்க" என்றார் ரெக்கார்டு அண்ணன் கதவோரத்திலிருந்து. "நான் எழுத்துக் கூட்டிப் பார்த்தேங்க. ஒய்தான்."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். சிஸ்டம் சாரின் குரல் மாறியது. "நாப்பத்தொரு மெஷினுக்கும் தனித்தனியா உக்காந்து பட்டியல் படிக்க முடியுமாம்மா? ஒரே ஆள் நான். சனிக்கிழமை லீவை விட்டுட்டு வந்து பண்ணினேன். எல்லாருக்கும் நோட்டீஸ் போட்டேன். அப்படியும் உங்க மேல இரக்கப்பட்டுத்தானே ரெஸ்ட் எடுத்துக்கோங்கன்னு சொன்னேன்?"

அதுவரை அவள் குரல் நிதானமாகத்தான் இருந்தது. இப்போது உடைந்தது. அழுகையால் அல்ல.

"நோட்டீஸை எங்க போட்டீங்க சார்? சுவத்துல! பதினோரு வருஷமா தினமும் என்னைப் பார்க்கறீங்க. நாற்காலி இழுத்துப் போடறீங்க. சுவத்துல ஒட்டினா நான் எப்படிப் படிப்பேன்னு ஒரு நிமிஷம் தோணலையா? நான் கேட்கறதுக்கு முன்னாடியே என் வேலையை எடுத்து இன்னொருத்தங்க தலையில கட்டிட்டீங்க. அவங்க பாவம் ரெண்டு பேரு வேலையைப் பார்த்துட்டு இருக்காங்க. எனக்கு இரக்கம் வேண்டாம் சார். எனக்கு ரூட் பாஸ்வேர்டு வேணும், எடுத்ததை நானே திரும்ப ஏத்திக்கறேன்."

ரெக்கார்டு அண்ணன் மூச்சை இழுத்துப் பிடிப்பது அவள் காதுக்குக் கேட்டது.

செயலாளர் காகிதங்களை அடுக்கினார். "பாஸ்வேர்டை யாருக்கும் குடுக்க முடியாதும்மா, அது விதி" என்றார். ஆனால் அவர் நிறுத்தவில்லை. "அதனால சார் இப்பவே உங்ககூடக் கீழ வருவார். உங்க மெஷின் பேசற வரைக்கும் அங்க இருந்து எழுந்திருக்க மாட்டார். மீதி விளக்கத்தை நாம அப்புறம் கேட்டுக்கலாம்."

*

கீழே வந்ததும் சிஸ்டம் சார் நேராகப் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க சார். அது என் இடம். ஸ்டூல் அந்தப் பக்கம் இருக்கு."

அவர் எழுந்து ஸ்டூலுக்கு மாறினார். அவள் கட்டளையை அடித்தாள். பாஸ்வேர்டு கேட்டபோது விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அடித்துவிட்டுத் திரும்பத் தள்ளினார். மூன்று புரோகிராம்களும் வந்து இறங்கின. அந்தப் பட்டியலில் இனி எப்போதும் சேரக்கூடாது என்று மூன்றுக்கும் ஒரு குறி போட்டு வைத்தாள். கணினியை அணைத்துப் போட்டாள். ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் விட்டாள். உள்நுழையும் திரை வந்ததும் குரலைத் துவக்கும் மூன்று சாவிகளை அழுத்தினாள்.

ஏதோ ஒரு அந்நிய ஆண்குரல், மூக்கடைத்தவன்போல், பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது.

பக்கத்து மேஜைக்காரி கைதட்டினாள். "அப்பாடா!" என்று சிஸ்டம் சார் எழுந்தார். "பேசுது பாருங்க. இதுக்குப் போய் மீட்டிங்குக்குள்ள..."

"இருங்க சார்."

அவள் கடவுச்சொல்லை அடித்து உள்ளே போனாள். குரல் அறுந்தது. சாவிகளை மறுபடி அழுத்தினாள். ஃபேன் மட்டும்.

"இது வேற ஏதோ பிரச்சினை" என்றார் சிஸ்டம் சார். "நாளைக்குக் காலைல ஃபிரெஷ்ஷா..."

"உக்காருங்க சார்" என்றது பக்கத்து மேஜைக்காரியின் குரல். இந்த முறை அவள் முந்திக்கொண்டாள். "எனக்கு ரெண்டு பேரு வேலை முடியாது. உக்காருங்க."

ரேடியோக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். வெளியே இருக்கும்வரை பேசுகிறது, தன் பெயரில் உள்ளே வந்தால் வாயை மூடிக்கொள்கிறது. அப்படியானால் புரோகிராம் நன்றாக இருக்கிறது, டெஸ்க்டாப்பும் நன்றாக இருக்கிறது. வெளியே இல்லாமல் உள்ளே மட்டும் இருப்பது எது? அவளுடைய பழைய அமைப்புகள்தான்.

"கோளாறு மெஷின்ல இல்ல. என் வீட்ல இருக்கு" என்றாள்.

"வீட்லயா?" ரெக்கார்டு அண்ணன் பதறிப்போனார். "உன் வீட்டுக்காரருக்கு ஃபோன் போடட்டுமாம்மா?"

கோபத்தின் நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் கோப்பெல்லாம் வைக்கற இடத்துக்குத்தான்ணே இதுல வீடுன்னு பேர். நீங்க வாங்க, மறுபடி கறுப்புத் திரைக்குப் போகணும்."

அண்ணன் கூட்டிப் படித்தார். அவள் நினைத்தது சரியாக இருந்தது. பழைய அமைப்பில், இன்ன பெயருள்ள குரலில்தான் பேச வேண்டும் என்று பதினோரு வருடத்துக்கு முன்பு அவளே எழுதி வைத்திருந்தாள். புதிய வெர்ஷனில் அந்தக் குரலுக்குப் பெயர் மாறிவிட்டது. பேசும் புரோகிராம் இல்லாத பெயரைத் தேடித் தேடி ஒவ்வொரு முறையும் நின்றுபோனது. பழைய அமைப்புகள் இருந்த பெட்டியை அழிக்காமல் அதற்கு வேறு பெயர் வைத்து ஓரமாகத் தள்ளினாள். அழிக்க மனம் வரவில்லை. சாட்சிகளின் பெயர்களையும் தொழிற்சாலைச் சொற்களையும் எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அவள் கற்றுக்கொடுத்த ஆயிரத்து எண்ணூறு சொற்கள் அதற்குள் இருந்தன.

மறுபடி உள்ளே போனாள். மூக்கடைத்த குரல் உள்ளேயும் பேசியது. ஒவ்வொரு சொல்லையும் மென்று மென்று, ஆற அமரப் பேசியது. அவள் வேகத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். பிறகு பழைய பெட்டியைத் திறந்து அந்தச் சொற்களை மட்டும் எடுத்துப் புதியதில் சேர்த்தாள். குரல் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த மூவருக்கும் இப்போது அது வெறும் கரகரப்புதான்.

"இது நிஜமா உங்களுக்குப் புரியுதா?" என்று சிஸ்டம் சார் கேட்டார். பதினோரு வருடத்தில் அவர் அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

"புரியுது சார். திரையோட மூலையில 'வெற்றிகரமாக மேம்படுத்தப்பட்டது'ன்னு இருக்காம். சொல்லிச்சு."

அவர் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

*

புதன்கிழமை பதினொன்று நாற்பதுக்கு அவள் எழுத்தாக்கத்தை ஒப்படைத்தாள். பக்கத்து மேஜைக்காரி 'தெளிவில்லை' என்று குறித்துவிட்டுப் போயிருந்த ஓர் இடத்தில், கிடங்குத் தொழிலாளி இயந்திர இரைச்சலுக்கு நடுவே, "நிறுத்தச் சொன்னேன், ரெண்டு தடவை சொன்னேன்" என்று சொல்லியிருந்தான். அவளுக்கு அது சுத்தமாகக் கேட்டது. அவன் மூன்று விரல்களை இழந்த வழக்கு அது. அந்த வரியை அடித்துவிட்டு நான்கு முறை போட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

அதோடு அவள் விடவில்லை. நூறு சதவீதம் என்று எழுதிய அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று செயலாளருக்கு எழுதிக் கொடுத்தாள். "இப்பதான் சரியாயிடுச்சேம்மா, இனி எதுக்கு?" என்று பலரும் கேட்டார்கள். சனிக்கிழமை சரியாக இல்லை என்றாள், அறிக்கை சனிக்கிழமையைப் பற்றியது. இரண்டு நாள் இழுத்தடித்து, சிஸ்டம் சார் 'நாற்பத்தொன்றில் நாற்பது' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். இனி எந்த மேம்படுத்தலும் முதலில் அவளுடைய மேஜையில் சோதிக்கப்பட்ட பிறகே மற்றவற்றுக்குப் போக வேண்டும் என்று செயலாளர் ஒரு உத்தரவும் போட்டார். அந்த உத்தரவு மின்னஞ்சலில் வந்தது.

சிஸ்டம் சார் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. எதிரில் வந்தால் செருப்புச் சத்தம் சட்டென்று ஒதுங்கும். ஒருநாள் டீ எடுக்கப் போன இடத்தில் அவராகவே வந்து நின்றார்.

"வேணும்னு பண்ணலைம்மா. நிஜமா எனக்கு அது தோணவே இல்ல."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்" என்றாள் அவள். மன்னித்துவிட்டேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. கோபம் இன்னும் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல அவளுக்கு விருப்பமும் இல்லை.

உண்மையில் அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் அவர்மேல் இல்லை. அவர் ஒரு சாவியைத்தான் தட்டினார். ஒருத்தியின் கண்ணைத் தேவைப்படாதவை பட்டியலில் சேர்த்தது அந்த மென்பொருள். அதை எழுதியவர்களுக்கு அவள் ஒரு புகார் எழுதினாள். முதல் வரைவு ஐந்து பக்கம். சாயங்காலம் கணவருக்கு அதைப் படித்துக் காட்டினாள். அவர் தையலை நிறுத்திக் கடைசிவரை கேட்டார்.

"நல்லா இருக்கு. ஆனா மூணு இடத்துல திட்டியிருக்கே. அதை மட்டும் எடுத்துடு."

"ரெண்டை எடுக்கறேன்."

என்ன நடந்தது, எந்தப் பட்டியல், எந்த வரிசையில், எப்படித் திரும்பச் சரிசெய்தாள் என்று ஒன்றரைப் பக்கத்தில் சுருக்கி, யாரும் படிக்கக்கூடிய அவர்களுடைய புகார்த் தளத்தில் போட்டாள். முதல் ஐந்து நாள் எதுவும் வரவில்லை. ஆறாம் நாள் எந்த நாட்டுக்காரரோ ஒருவர் கீழே ஒற்றை வரி எழுதியிருந்தார்: எனக்கும் இதேதான் நடந்தது, நான் ஒரு மாதமாக வேலைக்குப் போகவில்லை. அடுத்த நாள் இன்னும் மூன்று பேர். வாரம் முடிவதற்குள் பதினேழு பேர் ஆகிவிட்டார்கள். ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு வானொலி அறிவிப்பாளர், வீட்டிலிருந்தே கணக்குப் பாடம் எடுக்கும் ஒருவர். ஒவ்வொன்றாகக் குரல் படித்துக்கொண்டே போனது. அவள் வேகத்தைக் குறைத்து, முதலிலிருந்து மறுபடி கேட்டாள்.

பத்தாம் நாள் அந்த மென்பொருளை எழுதியவர்களில் ஒருவர் பதில் போட்டார். தவறு புரிகிறது, இந்த மூன்றையும் இனிமேல் கேட்காமல் நீக்க முடியாதபடி மாற்றியிருக்கிறோம், வெளியிடுவதற்கு முன் சோதித்துப் பார்க்க உங்களால் முடியுமா என்று கேட்டிருந்தார்.

"இவங்க உடைச்சதை நானே சோதிச்சும் குடுக்கணுமாம்! என்ன தைரியம்!" என்று அவள் பக்கத்து மேஜைக்காரியிடம் பொரிந்து தள்ளினாள்.

"அப்போ முடியாதுன்னு எழுதிடுங்கக்கா."

"முடியாதுன்னா? வேற யாரு பார்ப்பா?" என்றபடி அவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டு, எந்தெந்த வெர்ஷனில் சோதிக்க வேண்டும் என்று கேட்டு ஏழு கேள்விகளை எழுத ஆரம்பித்தாள்.